ஒரு டேங்க் போட்டா எது வரைக்கும் போகும்?

கார் விற்கிறவன் பொழப்பு ஒரே ஒரு கேள்வியில்தான் ஓடுகிறது: "ஒரு டேங்க் போட்டா எது வரைக்கும் போகும்?"

விலையைக் கேட்பார்கள், கலரைக் கேட்பார்கள், ஏர்பேக் எத்தனை என்று கேட்பார்கள். எல்லாம் ஒப்புக்கு. மனசுக்குள் இருப்பது இந்தக் கேள்விதான். ஜவுளிக்கடையில் "சாயம் போகுமா?" என்பதற்குப் பதில் சொல்லித் தொண்டை வற்றியவர்கள், மருந்துக்கடையில் "இதவிடச் சின்ன மாத்திரை இல்லையா?" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள், கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் படித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இந்த வேலையில் எனக்குப் பதினாலு வருஷம். தேனி, சிவகங்கை, விருதுநகர் என்று சுற்றி இப்போது திண்டுக்கல் பைபாஸ் ஓரத்து ஷோரூம். போன சித்திரையில் எங்களுக்கு ஒரு புது மாதிரி வண்டி வந்து இறங்கியது. பெட்ரோலிலும் ஓடும், வீட்டு பிளக்கில் சார்ஜ் போட்டால் கரண்டிலும் ஓடும். முதலில் சார்ஜ் தீரும், அப்புறம் பெட்ரோல் இன்ஜின் தானாகக் கிளம்பிக்கொள்ளும். பிளக்-இன் ஹைபிரிட் என்று பெயர். மொத்தமே ஒரு வண்டிதான் அனுப்பியிருந்தார்கள். ஓட்டிக் காட்டவும் அதுதான், விற்கவும் அதுதான்.

ஆடியில் யாரும் புது வண்டி எடுக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் மேனேஜருக்கும் தெரியும். "ஆடி பொறக்குறதுக்குள்ள இது வெளிய போயிறணும் பாலு. இல்லாட்டி நீங்க போக வேண்டியிருக்கும். ராமநாதபுரத்துல புதுக் கிளைக்கு ஆள் கேக்குறாங்க" என்றார். வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி கவிதா ஒன்பது வருஷம் காத்திருந்து, போன வருஷம்தான் சாணார்பட்டி அரசுப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தாள். "நாலு ஊருக்கு உங்க பின்னாடியே சட்டி பானையத் தூக்கிட்டு வந்தாச்சு. அஞ்சாவது ஊருக்கு நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் இல்லாமல் எனக்கு இருக்கத் தெரியாது. இதை அவளிடம் இதுவரை சொன்னதில்லை. உங்களிடம் சொல்லி வைக்கிறேன்.

திருப்பதி கணக்கு

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு ஒத்துவராது. கோயில் கணக்குத்தான். பழனி என்றால் பக்கம். திருச்செந்தூர் என்றால் நடுத்தரம். திருப்பதி என்றால் வண்டிக்கே பரீட்சை. வேளாங்கண்ணி போகிறவர்கள் தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இது புரியாமல், கம்பெனிக் காகிதத்தில் போட்டிருந்த தொள்ளாயிரம் கிலோமீட்டரை ஒரு வாரம் முழுக்க ஒப்பித்துக்கொண்டிருந்தேன். காகிதத்தில் ஓட்டினால் அது உண்மைதான். ஏசி போட்டு, அஞ்சு பேர் ஏறி, டிக்கியில் மூட்டையும் வைத்து நானே ஓட்டிப் பார்த்ததில் சார்ஜில் ஒரு நாற்பது, நாற்பது லிட்டர் பெட்ரோலில் ஒரு அறுநூற்று நாற்பது, ஆக மொத்தம் அறுநூற்று எண்பதோடு சரி.

முதலில் வந்தவர் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் பெரியவர். கூடவே மனைவி, மகன், மருமகள். மனசு கேட்காமல் அறுநூற்று எண்பது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். பெரியவர் கண்ணை மூடி எதையோ கூட்டிக் கழித்தார். "ஏனுங்க தம்பி, நடுவுல எங்கயும் பெட்ரோல் போடாம திருப்பதி போயிட்டு வந்துறலாமுங்களா?" போவதற்குத் தாராளமாக ஆகும், திரும்பும்போது வழியில் ஒருதடவை போட வேண்டியிருக்கும் என்றேன். வழி நெடுக பங்க் இருக்கிறது, அஞ்சு நிமிஷ வேலை என்றும் சொன்னேன். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி மருமகளைப் பார்த்தார். எல்லாரும் எழுந்துகொண்டார்கள். செருப்பை மாட்டிக்கொண்டே பெரியவர் கேட்டார்: "அப்ப சாமி கும்புட்டுட்டு நாங்க அங்கயே இருந்துக்கறதுங்களா?"

முத்திரை போட்டவர்

அடுத்தவர் எடையளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தி நாலு வருஷம் கடை கடையாகப் போய்த் தராசையும் படியையும் சோதித்த மனுஷன். வரும்போதே கையில் பூதக்கண்ணாடி. இதே மாடலில் வெறும் பெட்ரோல் வண்டியின் நோட்டீஸையும் இந்த வண்டியின் நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். "அதுக்கு அம்பத்திரெண்டு லிட்டர் டேங்க். இதுக்கு நாப்பது. பன்னெண்டு லிட்டர் எங்க போச்சு?" என்றார், நான் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்ட மாதிரி. பின் சீட்டுக்கு அடியில் பேட்டரி உட்கார்ந்துகொண்டதால் டேங்கைச் சின்னதாக்கிவிட்டார்கள் என்று விளக்கினேன். "சரி, நாப்பதாவது இருக்கானு பாத்துருவோம்" என்று எழுந்தார்.

டெமோ வண்டிக்கு எங்கள் மேனேஜர் பெட்ரோலைப் பாலாடையில் ஊற்றுகிற மாதிரிதான் ஊற்றுவார். அதனால் டேங்க் ஏற்கெனவே காய்ந்து கிடந்தது. நாகல் நகர், பேகம்பூர், பழனி ரோடு என்று சுற்றினோம். சார்ஜும் தீர்ந்தது. திரையில் இன்னும் போகக்கூடிய தூரம் பூஜ்யம் என்று காட்டியது. நான் பங்க் பக்கம் திருப்பினேன். "பூஜ்யத்துக்குக் கீழ கொஞ்சம் இருப்பு வச்சிருப்பான். ஓட்டுங்க" என்றார். பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டே மேலும் பதினோரு கிலோமீட்டர் ஓட்டினேன். எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் அன்றைக்குக் கூப்பிட்டேன்.

பங்கில் நாற்பத்து மூன்று லிட்டர் பிடித்தது. நாற்பது லிட்டர் டேங்கில்! அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். பங்கில் வைத்திருக்கும் அஞ்சு லிட்டர் அளவுக் கேனைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார். பங்க் அளவு அச்சாகச் சரியாக இருந்தது. வெயிலில் பெட்ரோல் விரியும், அதற்கு இடம் விட்டுத்தான் நாற்பது என்று எழுதுவார்கள், கழுத்து வரைக்கும் பிடித்தால் கொஞ்சம் கூடப் பிடிக்கும் என்று சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டார். "சொன்னதுக்குக் குறைவாக் குடுத்தவன விதவிதமாப் பாத்திருக்கேன் தம்பி. கூடக் குடுக்குறவனத்தான் நான் சர்வீஸ்ல ஒருநாளும் நம்புனதில்ல."

மூடி

இந்த வண்டியைச் சார்ஜிலேயே ஓட்டினால் டேங்கில் இருக்கும் பெட்ரோல் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆவியாகிப் போகக்கூடாது என்று டேங்கை இறுக்கி மூடி வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் போட வேண்டுமென்றால் உள்ளே ஒரு பட்டனை அமுக்க வேண்டும். உள்ளிருக்கும் அழுத்தம் இறங்கும். அதுவரை திரையில் "காத்திருக்கவும்" என்று வரும். பிறகுதான் மூடி திறக்கும். நம்மூர் வைகாசி வெயிலில் அந்த அழுத்தம் லேசில் இறங்காது.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைப் பூ எடுத்து வியாபாரம் பண்ணும் மாரியம்மாளக்கா தானே ஓட்டிப் பார்க்க வந்தார். நன்றாக ஓட்டினார், சத்தமே இல்லையே என்று மெச்சிக்கொண்டார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பூ மார்க்கெட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தவரிடம், பெட்ரோல் போடுவதும் எவ்வளவு சுலபம் என்று காட்டுகிறேன் என்று பங்குக்குள் விடச் சொன்னேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். பட்டனை அமுக்கினோம். காத்திருக்கவும். பின்னால் இரண்டு ஷேர் ஆட்டோ, ஒரு பால் வேன், தக்காளி ஏற்றிய மினி லாரி. ஆரன் சத்தம் காதைக் கிழித்தது. காத்திருக்கவும். பங்கில் வேலை பார்க்கும் பொண்ணு பெட்ரோல் குழாயைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, கதவைத் தட்டுகிற மாதிரி மூடியைத் தட்டிப் பார்த்தது. காத்திருக்கவும். மாரியம்மாளக்கா இறங்கினார், பூக்கூடையை எடுத்துக்கொண்டார், பின்னால் நின்ற ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். ஆட்டோ வளைத்துக்கொண்டு கிளம்பியதும்தான் மூடி "டப்" என்று திறந்தது. அந்தப் பொண்ணு என்னையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டது: "ஏண்ணே, இது பெட்ரோல் போட வந்துச்சா, போடலாமா வேணாமானு யோசிக்க வந்துச்சா?"

ஓசிக் கரண்டு

சாணார்பட்டிப் பக்கம் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் வைத்திருக்கும் அழகர்சாமி டேங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எனக்கு எதுக்குய்யா பெட்ரோலு? தெனம் தோட்டத்துக்கும் டவுனுக்கும் போயிட்டு வந்தா நாப்பது கிலோமீட்டரு. கரண்டுலயே ஓட்டிக்கிறேன்" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். இந்த வண்டி இவருக்காகவே செய்தது. வீட்டில் பதினைந்து ஆம்பியர் பிளக் இருந்தால் போதும் என்றேன். "வீட்டுலயா? வீட்டுல மீட்டர் ஓடுமேய்யா. தோட்டத்துல மோட்டார் ரூம் இருக்குல்ல?" என்றார். விவசாயத்துக்குக் கொடுக்கிற இலவசக் கரண்டு தண்ணீர் இறைக்க மட்டும்தான், காருக்குப் போட்டால் ஃபைன் போடுவார்கள் என்று பதறினேன். "இதுலயும் ரேடியேட்டர்ல தண்ணி ஊத்துறோம்ல?" என்று கேட்டார் அவர்.

ஸ்டியரிங் அவர் கையில் இருந்ததுதான் தப்பு. நேராகத் தோட்டத்துக்குள் விட்டார். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, வயரை இழுத்துப்போய் மோட்டார் ரூமில் சொருகினார். வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சார்ஜ் ஏறவில்லை. எர்த் சரியில்லையென்றால் இந்த வண்டி கரண்டைத் தொடாது. பிடுங்கிச் சொருகினார். வேறு ஓட்டையில் சொருகினார். மோட்டார் தண்ணீரை அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது, குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது, சுவரில் மாட்டிய செல்போன்கூடச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. கார் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வண்டிக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன், வியாபாரம் போய்விட்டது என்ற துக்கத்தோடு. அழகர்சாமி இடுப்பில் கைவைத்து நின்றார். "அப்பு, எருமமாடுகூட ஓசித் தண்ணி குடிக்கும். இது ஓசிக் கரண்டக் குடிக்க மாட்டேங்குதே, இத வச்சு எப்பிடிக் குடும்பம் நடத்துறது?"

சிறுமலை இறக்கம்

பேங்க் வேலையில் இருக்கும் ஒரு கணவன் மனைவி சிறுமலைக்கு ஏற்றிப் பார்க்கலாம் என்றார்கள். முழுச் சார்ஜோடு கிளம்பினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் திரையில் தூரம் இறங்கியது. அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "முப்பத்தொண்ணு… இருபத்தஞ்சு… பதினெட்டு…" என்று குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். மேலே போய்ச் சேருவதற்குள் சார்ஜ் சுத்தம். பெட்ரோல் இன்ஜின் உறுமியது.

ஆனால் இறங்கும்போது பாருங்கள், இந்த வண்டி இறக்கத்தில் தானே கொஞ்சம் சார்ஜ் பண்ணிக்கொள்ளும். பூஜ்யம் மூன்றாயிற்று, ஐந்தாயிற்று, எட்டாயிற்று. கணவர் குஷியில் விசிலடித்தார். இது பணம் காய்க்கிற மரம்டி என்று மனைவியிடம் சொன்னார். அடிவாரம் வந்து சமதரையில் இரண்டு கிலோமீட்டர் ஓடியதும் எட்டு மறுபடியும் நான்காயிற்று. வண்டியை ஓரம் கட்டி, சாவியை என் கையில் வைத்தார். "போகவும் வரவும் இறக்கமாவே ஒரு ரோடு இருந்தாச் சொல்லுங்க சார். இன்னைக்கே புக் பண்ணிர்றேன்."

ஸ்டெல்லா சொன்ன ஆறுதல்

ஆனி பாதி போய்விட்டது. ராமநாதபுரத்தில் வீட்டு வாடகை கம்மி, மீன் மலிவு என்று மேனேஜர் பேச்சோடு பேச்சாகச் சொல்ல ஆரம்பித்தார். வீட்டில் கவிதா பரணிலிருந்து ஒரு சூட்கேஸை இறக்கித் துடைத்து, ஹாலில் வைத்தாள். ஒரே ஒரு சூட்கேஸ். முன்பெல்லாம் லாரி பிடித்துக் கட்டில் பீரோவோடு போவோம். அந்த ஒற்றைச் சூட்கேஸைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ரிசப்ஷனில் இருக்கும் ஸ்டெல்லா ரொம்ப இரக்கமான பொண்ணு. நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பிறகு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டியது. "கவலைப்படாதீங்க சார். திண்டுக்கல்லருந்து ராமநாதபுரம் போயிட்டுத் திரும்ப இந்த வண்டிக்கு ஒரு டேங்க் தாராளமாப் போதும். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்துறலாம்."

இரவல் போகாத வண்டி

ஆனி கடைசி வாரம் தங்கராசு அண்ணன் வந்தார். ஆத்தூர்ப் பக்கம் ரைஸ் மில் வைத்திருப்பவர். வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட கேள்வியைப் பதினாலு வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. "தம்பி, யாருமே வாங்க மாட்டேங்குற வண்டி ஏதாச்சும் இருக்கா?"

விஷயம் இதுதான். அவர் சொந்தபந்தத்தில் கார் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். காது குத்து, வளைகாப்பு, பெண் பார்க்க, ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர, எல்லாவற்றுக்கும் அவர் வண்டிதான் போகும். கேட்டு வாங்குவதெல்லாம் இல்லை. நாளைக்கு வண்டி வேண்டும் என்று தகவல் சொல்வார்கள். திரும்பி வரும்போது டேங்க் வறண்டு, விளக்கு எரிந்துகொண்டு வரும். இல்லை என்று சொன்னால் கூடப் பிறந்தவள் அழுவாள், மச்சினனுக்கு இல்லை என்றால் சம்சாரம் நாலு நாள் பேச மாட்டார். மில்லுக்கு அவர் டூவீலரில் போய்க்கொண்டிருக்கிறார். "ஏழு வருசமா என் வண்டில பெட்ரோல் முள்ளு நிமிந்து நின்னு நான் பாத்ததே இல்ல தம்பி" என்றார். எனக்கே பாவமாக இருந்தது. அந்தப் பழைய வண்டியைத் தள்ளிவிட்டு, இரவல் கேட்கிறவன் பார்த்ததுமே பயந்து ஓடுகிற வண்டியாக ஒன்று வேண்டுமாம்.

அவரை அந்த வண்டியிடம் கூட்டிப் போனேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாக் குறையையும் கொட்டினேன். டேங்க் சின்னது என்றேன். "ம்ம், வேற?" என்றார். மூடி லேசில் திறக்காது என்றேன். ஸ்டார்ட் பண்ணினால் சத்தமே வராது, ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாது என்றேன். ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது இன்ஜின் திடீரென்று தானாகக் கிளம்பும் என்றேன். எல்லா பிளக்கிலும் சார்ஜ் ஏறாது என்றேன். பந்தியில் இன்னொரு கரண்டி வெஞ்சனம் கேட்கிறவர் மாதிரி, "வேற? வேற?" என்று கேட்டுக்கொண்டே கிட்ட வந்தார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு என் மச்சினன் பாண்டியக் கூட்டியாரேன். இரவல் வாங்குறதுல அவந்தான் எங்க வம்சத்துக்கே தலைவரு. அவன் பயந்துட்டா, மத்தவன் எவனும் கிட்ட வர மாட்டான்."

மறுநாள் பாண்டி வந்தான். தலையை வாரி, கூலிங் கிளாஸ் போட்டு, ஏற்கெனவே வண்டி அவனுடையது மாதிரி ஏறி உட்கார்ந்தான். ஸ்டார்ட் பட்டனை அமுக்கினான். சத்தம் இல்லை. மறுபடி அமுக்கினான், வண்டி அணைந்தது. மறுபடி அமுக்கினான். தங்கராசு அண்ணன் பின் சீட்டிலிருந்து என் தோளை லேசாகக் கிள்ளினார். நான் வாயைத் திறக்கவில்லை. எப்படியோ கிளம்பி மணிக்கூண்டு வரை போய்விட்டான். அங்கே சிக்னலில் நின்றபோது இன்ஜின் தானாக உறுமியது. பாண்டி இரண்டு கையையும் தூக்கிவிட்டான். "நான் ஒண்ணுமே தொடல மாமா!" என்றான். பங்கில் மூடிக்கு முன்னால் நின்று, பட்டனை அமுக்கி, மூடியை இழுத்து, அடித்து, ஒருகட்டத்தில் கும்பிட்டும் பார்த்தான். கூலிங் கிளாஸ் வேர்வையில் வழுக்கியது. அவன் பயப்படப் பயப்பட என் மனசு குளிர்ந்தது. ஹாலில் இருந்த சூட்கேஸ் பரணுக்கு ஏறுகிற மாதிரி தெரிந்தது. அடுத்தவன் பயத்தில் இப்படிச் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது, அப்போது இல்லை. ஷோரூமுக்குத் திரும்பியதும் பாண்டி சாவியைத் தங்கராசு அண்ணன் கையில் வைத்தான். "மாமா, ஒங்க வண்டி ஒங்ககிட்டயே இருக்கட்டும். நாங்க பஸ்ல போயிக்கிறோம்" என்று வெளியே போய்விட்டான். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு என் காதுக்குள் சொன்னார்: "பில்லப் போடுங்க தம்பி, அவனுக்குப் பயம் தெளியிறதுக்குள்ள."

ஞாயிற்றுக்கிழமை

ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது வண்டி வெளியே போனது. மேனேஜர் கை கொடுத்தார். ராமநாதபுரத்துக்கு வேறு ஒருவரை அனுப்பினார்கள். கவிதா சூட்கேஸைப் பரணில் ஏற்றச் சொன்னாள். ஏற்றும்போது பார்த்தால் கனமாக இருந்தது. திறந்தால் என் துணிக்கு அடியில் அவள் சேலையும் நாலு இருந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கி முகம் கழுவிக்கொண்டேன்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் தங்கராசு அண்ணன் போன் பண்ணினார். குரல் இறங்கியிருந்தது. "தம்பி, ஒரு சின்ன உபகாரம்" என்றார். பாண்டிக்குப் பயம் தெளிந்துவிட்டது. தெளிந்ததோடு மூளையும் வேலை செய்திருக்கிறது. சொந்தபந்தம் எல்லாரையும் வைத்துக்கொண்டு, "வண்டியக் குடுங்க மாமா, கூடவே அந்த ஷோரூம் ஆளையும் அனுப்பி வைங்க. அவருக்குத்தான் அந்த மூடியெல்லாம் தெறக்கத் தெரியும்" என்றிருக்கிறான். அண்ணனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அவர் இல்லையென்றால் நான் ராமநாதபுரத்தில் இருந்திருப்பேன். நான் எப்படி மாட்டேன் என்பது?

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்கு இல்லை. பழனியில் காது குத்து, நத்தத்தில் பெண் பார்க்கிறது, மதுரை ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ், கீரனூரில் சீர்வரிசை. வண்டி இப்போதும் டேங்க் வறண்டுதான் திரும்புகிறது. வித்தியாசம், இப்போது அதை ஓட்டி வருவது நான். கார்த்திகையில் திருப்பதியே போய் வந்தோம். திரும்பும் வழியில் ஒரே ஒரு தடவைதான் பெட்ரோல் போட்டோம். மூடி திறக்கிற வரைக்கும் எல்லாரும் பங்கில் இறங்கி நின்று "கோவிந்தா, கோவிந்தா" என்றார்கள். பாண்டிதான் முதல் குரல்.

திங்கட்கிழமை காலையில் மொட்டைத் தலையோடு வீட்டுக்குள் நுழைந்தேன். கவிதா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, டிபன் பாக்ஸோடு வாசலில் நின்றாள். லட்டுப் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, என் தலையை ஒருதடவை தடவிப் பார்த்தாள். "பேசாம ராமநாதபுரத்துக்கே போயிருக்கலாம். ஞாயித்துக்கெழமையாச்சும் வீட்டுக்கு வந்திருப்பீங்க."

ஆகவே, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் சொந்தங்களே, விற்கிற பொருளின் குறையை வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அந்தக் குறையோடு அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான் என்பதை மட்டும் யாரிடமும் காட்டிக்கொள்ளாதீர்கள்.